எதிரணித் தற்காப்பு சார்ந்த தாக்குதல் மதிப்பீடு (கூடைப்பந்தாட்டம்)

எதிரணித் தற்காப்பு சார்ந்த தாக்குதல் மதிப்பீடு என்பது, கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணி எடுத்த புள்ளிகளை, அந்த அணி எதிர்கொண்ட அணிகளின் தற்காப்பு வலிமையோடு சேர்த்து அளவிடும் முறையாகும். வலுவான தற்காப்புக்கு எதிராக எடுக்கப்பட்ட 80 புள்ளிகளும், தளர்ந்த தற்காப்புக்கு எதிராக எடுக்கப்பட்ட 80 புள்ளிகளும் ஒரே மதிப்புடையன அல்ல என்பதே இதன் அடிப்படைக் கருத்து. ஒவ்வோர் அணியும் வெவ்வேறு எதிரணிகளைச் சந்திக்கும் வெளியேற்றச் சுற்றுகளில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.ஏ. கூட்டிணைவில் இச்சுற்று "பிளே-ஆஃப்" எனப்படுகிறது. ஆட்டக் குறிப்பேட்டிலுள்ள எளிய எண்களைக் கொண்டே இம்மதிப்பீட்டைச் செய்ய இயலுமாதலால், பள்ளி, கல்லூரி, மாநில அணிகளுக்கும் இது பொருந்தும்.

பின்னணி

கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணியின் தாக்குதல் திறனைக் கூற நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த அளவு, ஓர் ஆட்டத்திற்கு அந்த அணி எடுக்கும் சராசரிப் புள்ளிகளாகும். இவ்வளவில் இரண்டு குறைகள் உள்ளன.

முதலாவது, ஆட்டத்தின் வேகம். விரைந்து ஆடும் அணிக்குப் பந்து அதிக முறை கிடைக்கிறது. ஆகவே திறமை கூடாமலேயே அதன் புள்ளிகள் கூடுகின்றன. அதே காரணத்தால் அது எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் புள்ளிகளும் கூடும். ஆட்ட நேரமும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பன்னாட்டு விதிகளின்படி ஓர் ஆட்டம் 40 நிமிடங்கள் கொண்டது, என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடங்கள் கொண்டது.

இரண்டாவது, எதிரணியின் தரம். என்.பி.ஏ. வழமைப் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடுவதால், வலிய எதிரணிகளும் எளிய எதிரணிகளும் ஏறத்தாழச் சமமாகக் கலந்து வருகின்றன. பிளே-ஆஃப் சுற்றில் அவ்வாறு அமைவதில்லை. 2003ஆம் ஆண்டிலிருந்து பிளே-ஆஃப் தொடர்கள் யாவும் ஏழு ஆட்டங்கள் கொண்டவை. ஒரே எதிரணியுடன் நான்கு முதல் ஏழு முறை வரை மோத வேண்டியுள்ளது. வாகை சூடும் அணியும் நான்கே எதிரணிகளை மட்டுமே சந்திக்கிறது. அந்நான்கில் இரண்டு சிறந்த தற்காப்பு அணிகளாக அமைந்துவிட்டால், அதன் சராசரிப் புள்ளிகள் குறைவது இயல்பு. இதைத் தாக்குதலின் வீழ்ச்சி எனக் கொள்வது தவறாகும்.

கலைச்சொற்கள்

* பந்துடைமை: பந்து ஓர் அணியின் கைக்கு வந்தது முதல் எதிரணியின் கைக்கு மாறும் வரையிலான ஒரு வாய்ப்பு. கூடையில் பந்து விழுதல், தவறிய பந்தை எதிரணி எடுத்தல், பந்தை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்றால் அது முடிவடைகிறது.
* தாக்குதல் வீதம்: 100 பந்துடைமைகளுக்கு ஓர் அணி எடுக்கும் புள்ளிகள்.
* தற்காப்பு வீதம்: 100 பந்துடைமைகளுக்கு ஓர் அணி எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் புள்ளிகள். இவ்வெண் குறையக் குறையத் தற்காப்பு சிறந்தது எனப் பொருள்படும்.
* ஆட்ட வேகம்: ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைக்கும் பந்துடைமைகளின் எண்ணிக்கை.

பந்துடைமைகளை நேரடியாக எண்ணாதபோது, ஆட்டக் குறிப்பேட்டிலிருந்து பின்வரும் வாய்பாட்டால் அவை மதிப்பிடப்படுகின்றன:

பந்துடைமை = கூடை நோக்கிய வீச்சுகள் + (0.44 × ஃபிரீ த்ரோக்கள்) − தாக்குதல் ரீபவுண்டுகள் + பந்திழப்புகள்

பெரும்பாலும் இரண்டு ஃபிரீ த்ரோக்கள் சேர்ந்து ஒரு பந்துடைமையை முடிக்கின்றன. எனவே பெருக்கெண் 0.5 ஆக இருக்க வேண்டும் எனத் தோன்றலாம். ஆயினும், கூடை விழுந்த பின் கூடுதலாக வழங்கப்படும் ஒற்றை ஃபிரீ த்ரோவும், நடத்தைத் தவறுகளுக்காக வழங்கப்படுபவையும் தனிப் பந்துடைமையை உருவாக்குவதில்லை. ஆகவே 0.44 என்னும் சற்றுக் குறைந்த எண் கொள்ளப்படுகிறது. தாக்குதல் ரீபவுண்டு எடுத்த அணிக்கு அதே பந்துடைமை தொடர்வதால் அது கழிக்கப்படுகிறது.

பந்துடைமையை அடிப்படையாகக் கொண்ட இவ்வகைப் பகுப்பாய்வைப் பரவலாக்கியவர்களுள் டீன் ஆலிவர் குறிப்பிடத்தக்கவர். 2004இல் வெளிவந்த இவரது "பாஸ்கட்பால் ஆன் பேப்பர்" என்னும் நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

கணிக்கும் முறை

மதிப்பீடு நான்கு படிகளில் செய்யப்படுகிறது.

1. மதிப்பிட வேண்டிய அணி சந்தித்த எதிரணிகள் ஒவ்வொன்றும் பிற அணிகளுக்கு வழக்கமாக எத்தனை புள்ளிகள் விட்டுக்கொடுக்கின்றன என்று கண்டறியப்படுகிறது.
2. அந்த எதிரணிக்கு எதிராக நமது அணி எடுத்த புள்ளிகளிலிருந்து அவ்வெண் கழிக்கப்படுகிறது. விடை நேர் எண்ணாயின், எதிரணி வழக்கமாக விடுவதைவிட நமது அணி கூடுதலாக எடுத்துள்ளது எனலாம். எதிர் எண்ணாயின் குறைவாக எடுத்துள்ளது.
3. எல்லா எதிரணிகளுக்கும் கிடைத்த வேறுபாடுகள், ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சராசரி காணப்படுகின்றன.
4. இதே போன்று பிற அணிகளுக்கும் கணித்து, வேறுபாடுகள் ஒப்பிடப்படுகின்றன.

இயன்றவரை இக்கணக்கு 100 பந்துடைமைகளுக்கான வீதங்களைக் கொண்டு செய்யப்பட வேண்டும். வீதங்கள் கிடைக்காதபோது ஆட்டத்திற்கான புள்ளிகளைக் கொண்டும் செய்யலாம். ஆனால் அப்போது ஆட்ட வேகத்தின் தாக்கம் விடையில் கலந்திருக்கும். கீழுள்ள எடுத்துக்காட்டுகள் எளிமை கருதிப் புள்ளிகளைக் கொண்டே தரப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டு: இந்திய அணி, ஆசியக் கோப்பை 2022

2022 சூலை மாதம் இந்தோனேசியாவின் சகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி "டி" பிரிவில் இடம்பெற்றது. லெபனான், நியூசிலாந்து, பிலிப்பீன்சு ஆகியவை அப்பிரிவின் மற்ற அணிகள். இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியது. லெபனான் இறுதி ஆட்டம் வரை சென்று ஆத்திரேலியாவிடம் 73–75 எனத் தோற்றது. நியூசிலாந்து மூன்றாம் இடம் பெற்றது. அதாவது, போட்டியின் முதல் மூன்று அணிகளுள் இரண்டை இந்தியா தன் முதற்சுற்றிலேயே சந்தித்தது.

பிரிவிலுள்ள ஒவ்வோர் அணியும் எடுத்த புள்ளிகள் வருமாறு:

| தாக்கும் அணி | நியூசிலாந்துக்கு எதிராக | பிலிப்பீன்சுக்கு எதிராக | லெபனானுக்கு எதிராக | இந்தியாவுக்கு எதிராக |
|---|---|---|---|---|
| இந்தியா | 47 | 59 | 63 | – |
| பிலிப்பீன்சு | 75 | – | 80 | 101 |
| லெபனான் | 86 | 95 | – | 104 |
| நியூசிலாந்து | – | 92 | 72 | 100 |

இந்தியாவின் சராசரி ஏறத்தாழ 56.3 புள்ளிகள். இவ்வெண்ணை மட்டும் நோக்கினால், 47, 59, 63 என இந்தியத் தாக்குதல் ஆட்டத்துக்கு ஆட்டம் முன்னேறியதாகத் தோன்றும். எதிரணிகளின் தற்காப்பையும் கணக்கில் கொண்டால் வேறொரு படம் கிடைக்கிறது.

* நியூசிலாந்து, பிரிவின் மற்ற இரு அணிகளுக்கும் 75, 86 புள்ளிகள் விட்டது, சராசரி 80.5. இந்தியா எடுத்தது 47. வேறுபாடு −33.5.
* பிலிப்பீன்சு மற்ற இரு அணிகளுக்கும் 95, 92 புள்ளிகள் விட்டது, சராசரி 93.5. இந்தியா எடுத்தது 59. வேறுபாடு −34.5.
* லெபனான் மற்ற இரு அணிகளுக்கும் 80, 72 புள்ளிகள் விட்டது, சராசரி 76. இந்தியா எடுத்தது 63. வேறுபாடு −13.

நியூசிலாந்துக்கு எதிரான 47ஐ விடப் பிலிப்பீன்சுக்கு எதிரான 59 மேலானதன்று என்பது இதனால் புலனாகிறது. இரண்டாம் ஆட்டத்தில் கூடிய 12 புள்ளிகளும் எதிரணித் தற்காப்பின் தளர்ச்சியால் வந்தவையே. மாறாக, இப்பிரிவின் மிகச் சிறந்த தற்காப்பைக் கொண்டிருந்த லெபனானுக்கு எதிராக எடுத்த 63 புள்ளிகளே இந்தியாவின் உண்மையான நல்ல ஆட்டமாகும்.

மூன்று வேறுபாடுகளின் சராசரி −27. இதே முறையில் இந்தியத் தற்காப்பையும் மதிப்பிடலாம். இந்தியாவைத் தவிர்த்த ஆட்டங்களில் நியூசிலாந்தின் சராசரி 82, பிலிப்பீன்சின் சராசரி 77.5, லெபனானின் சராசரி 90.5. இந்தியாவுக்கு எதிராக அவை முறையே 18, 23.5, 13.5 புள்ளிகள் கூடுதலாக எடுத்தன. இவற்றின் சராசரி ஏறத்தாழ 18.3.

இந்தியா ஆட்டத்திற்குச் சராசரியாக 45.3 புள்ளிகள் வேறுபாட்டில் தோற்றது. அதில் 27 புள்ளிகள் தாக்குதலாலும் 18.3 புள்ளிகள் தற்காப்பாலும் வந்தவை. அதாவது, தோல்வியின் அளவில் ஐந்தில் மூன்று பங்கு தாக்குதலைச் சார்ந்தது. மூன்று ஆட்டங்களிலும் எதிரணிகள் 100 புள்ளிகளைத் தொட்டதால் தற்காப்பே முதன்மைக் குறை எனத் தோன்றுவது இயல்பு. எதிரணிகளின் தரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அக்கருத்து மாறுகிறது. பயிற்சி நேரத்தை எதற்கு ஒதுக்குவது என்னும் கேள்விக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. எனினும் மூன்றே ஆட்டங்களைக் கொண்ட கணக்கு இது என்பதையும், ஆட்ட வேகம் இதில் கழிக்கப்படவில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

எளிய எதிரணியால் புள்ளிகள் உயர்வதற்கும் இப்பிரிவே சான்றாகும். பிலிப்பீன்சின் மொத்தச் சராசரி ஏறத்தாழ 85.3. இந்தியாவுடனான ஆட்டத்தை நீக்கினால் அது 77.5 ஆகக் குறைகிறது.

எடுத்துக்காட்டு: என்.பி.ஏ. பிளே-ஆஃப் 2005

ஒரே தற்காப்பை இரு வேறு அணிகள் அடுத்தடுத்து எதிர்கொள்ளும்போது ஒப்பீடு எளிதாகிறது. 2005ஆம் ஆண்டின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். கிரெக் பாப்பவிச்சின் பயிற்சியில், டிம் டங்கனை மையமாகக் கொண்ட அவ்வணி, 2004–05 வழமைப் பருவத்தில் ஆட்டத்திற்கு 87.5 புள்ளிகளையே விட்டுக்கொடுத்தது. அப்பருவத்தில் கூட்டிணைவின் சராசரி 97.2.

அவ்வாண்டு மேற்கு மண்டல இறுதித் தொடரில் ஸ்பர்ஸ் அணி, பீனிக்ஸ் சன்ஸ் அணியைச் சந்தித்தது. மைக் டி'அன்டோனி பயிற்றுவித்த சன்ஸ், வழமைப் பருவத்தில் 110.4 புள்ளிகள் சராசரியுடன் கூட்டிணைவின் முதன்மைத் தாக்குதல் அணியாக விளங்கியது. அதன் ஸ்டீவ் நேஷ் அப்பருவத்தின் மிகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தொடரை ஸ்பர்ஸ் 4–1 என வென்றது. ஐந்து ஆட்டங்களில் சன்ஸ் எடுத்த புள்ளிகள் 114, 108, 92, 111, 95 ஆகும், சராசரி 104.

அதையடுத்த இறுதித் தொடரில் டிட்ராயிட் பிஸ்டன்ஸ் அணியை ஸ்பர்ஸ் 4–3 என வென்றது. ஏழு ஆட்டங்களில் பிஸ்டன்ஸ் எடுத்தவை 69, 76, 96, 102, 95, 95, 74. சராசரி ஏறத்தாழ 86.7. வழமைப் பருவத்தில் பிஸ்டன்சின் சராசரி 93.3.

* சன்ஸ்: 104 − 87.5 = +16.5. வழமைப் பருவத்தில் கூட்டிணைவுச் சராசரியைவிட இவ்வணி +13.2 புள்ளிகள் எடுத்திருந்தது.
* பிஸ்டன்ஸ்: 86.7 − 87.5 = −0.8. வழமைப் பருவத்தில் இவ்வணியின் வேறுபாடு −3.9.

சன்ஸ் தன் வழமையான 110.4இலிருந்து 104க்கு இறங்கியதைக் கொண்டு, அதன் விரைவுத் தாக்குதல் பிளே-ஆஃப்பில் எடுபடவில்லை என்று கூறுவது பொருந்தாது. எதிர்கொண்ட தற்காப்பை நோக்க, அது தன் வழமையைவிடச் சற்று மேலாகவே ஆடியது. பிஸ்டன்சும் ஏறத்தாழ அதே அளவு மேலாக ஆடியுள்ளது. வழமைப் பருவத்தில் இவ்விரு அணிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு 17.1 புள்ளிகள், ஸ்பர்சுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டங்களில் இருந்த வேறுபாடு 17.3 புள்ளிகள். இரு அணிகளின் தாக்குதல்களும் ஒன்றுக்கொன்று அதே நிலையில் இருந்தன என்பதையே இது காட்டுகிறது.

இந்த 17 புள்ளிகள் முழுவதும் திறமை வேறுபாடு அன்று. சன்ஸ் விரைந்து ஆடும் அணி. பிஸ்டன்ஸ் மெதுவாக ஆடும் அணி. 100 பந்துடைமைகளுக்கான கணக்கில், வழமைப் பருவத்தில் இவற்றின் வேறுபாடு ஏறத்தாழ 9 புள்ளிகளே. மீதமுள்ளது ஆட்ட வேகத்தால் வந்தது.

சன்ஸ் ஏன் தோற்றது என்பதற்கு விடை மறுபக்கத்தில் உள்ளது. அத்தொடரில் ஸ்பர்ஸ் 121, 111, 102, 106, 101 எனச் சராசரியாக 108.2 புள்ளிகள் எடுத்தது. வழமைப் பருவத்தில் சன்ஸ் விட்டுக்கொடுத்த சராசரி 103.3, ஸ்பர்ஸ் எடுத்த சராசரி 96.2. எனவே தொடர் சன்சின் தற்காப்பில் இழக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டு: என்.பி.ஏ. இறுதித் தொடர் 2004

இம்முறை எப்போதும் தோற்ற அணியின் தாக்குதலுக்கு ஆதரவாகவே முடிவு சொல்லும் என்று கொள்ளலாகாது. 2003–04 வழமைப் பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 98.2 புள்ளிகள் சராசரி பெற்றிருந்தது. இறுதித் தொடரில் டிட்ராயிட் பிஸ்டன்சுக்கு எதிராக அது 75, 99, 68, 80, 87 என 81.8 புள்ளிகளே எடுத்து 1–4 எனத் தோற்றது. வீழ்ச்சி 16.4 புள்ளிகள்.

அப்பருவத்தில் கூட்டிணைவின் சராசரி 93.4, பிஸ்டன்ஸ் விட்டுக்கொடுத்த சராசரி 84.3. எனவே சராசரியான ஓர் அணி பிஸ்டன்சுக்கு எதிராக 9.1 புள்ளிகள் குறைவாக எடுக்கும் என எதிர்பார்க்கலாம். லேக்கர்சின் வீழ்ச்சியில் 9.1 புள்ளிகளை எதிரணியின் தரம் விளக்குகிறது. எஞ்சிய 7.3 புள்ளிகளுக்கு வேறு காரணங்கள் தேட வேண்டும். அத்தொடரில் லேக்கர்சின் கார்ல் மலோன் முழங்கால் காயத்தால் பாதிக்கப்பட்டிருந்தார். மேலும், ரஷீத் வாலஸ் 2004 பெப்ரவரியில்தான் பிஸ்டன்ஸ் அணியில் சேர்ந்தார். அவர் இல்லாத மாதங்களையும் உள்ளடக்கிய 84.3 என்னும் எண், இறுதித் தொடரில் லேக்கர்ஸ் சந்தித்த தற்காப்பின் வலிமையை முழுமையாகக் காட்டுவதில்லை.

குறைபாடுகள்

* ஆட்டங்களின் எண்ணிக்கை: நான்கு முதல் ஏழு ஆட்டங்களில் தொலைவு வீச்சுகள் கூடுவதும் தவறுவதும் தற்செயலால் பெரிதும் மாறக்கூடும். ஓரிரு புள்ளி வேறுபாடுகளுக்குப் பொருள் கற்பிப்பது தவறு.
* அணியின் மாற்றம்: பருவம் முழுவதற்குமான சராசரி, காயமுற்ற வீரர்களையும் இடையில் சேர்ந்த வீரர்களையும் கணக்கில் கொள்வதில்லை. மேலே கண்ட பிஸ்டன்ஸ் அணி இதற்குச் சான்று.
* முடிவு தெரிந்த பின்னான ஆட்டம்: ஓர் அணி 30 புள்ளிகள் முன்னிலை பெற்ற பின் முதன்மை வீரர்களுக்கு ஓய்வளிக்கிறது. அந்நேரத்தில் எடுக்கப்படும் புள்ளிகள் உண்மையான தற்காப்புக்கு எதிரானவை அல்ல. இந்தியா லெபனானுக்கு எதிராக எடுத்த 63 புள்ளிகளையும் இவ்வெச்சரிக்கையுடனேயே நோக்க வேண்டும்.
* ஆட்ட பாணி: உயரமான வீரர்களால் கூடையின் அடியைக் காக்கும் அணி, உட்புகுந்து ஆடும் அணிக்குக் கடினமாகவும், தொலைவிலிருந்து வீசும் அணிக்கு எளிதாகவும் அமையலாம். ஒற்றை எண் இதைக் காட்டுவதில்லை.
* கூடுதல் நேரம்: சமநிலையில் முடிந்து நீட்டிக்கப்பட்ட ஆட்டங்களில் புள்ளிகள் கூடுகின்றன. மேற்கண்ட இரு இறுதித் தொடர்களிலும் அத்தகைய ஆட்டம் ஒன்று உண்டு. பந்துடைமைக் கணக்கில் இக்குறை நீங்கிவிடும்.

சுழற்சிச் சிக்கல்

எதிரணியின் தற்காப்பு எவ்வாறு அளக்கப்பட்டது என்பதும் ஒரு கேள்வி. எளிய தாக்குதல் அணிகளையே சந்தித்த ஓர் அணியின் தற்காப்பு, உண்மையைவிடச் சிறப்பாகத் தோன்றும். எனவே தற்காப்பை அளக்கத் தாக்குதலின் தரமும், தாக்குதலை அளக்கத் தற்காப்பின் தரமும் தேவைப்படுகின்றன.

இதற்குத் தீர்வு, கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வதாகும். முதற்சுற்றில் சாதாரணச் சராசரிகள் கொள்ளப்படுகின்றன. அவற்றைக் கொண்டு ஒவ்வோர் அணியின் தாக்குதலும் தற்காப்பும் திருத்தப்படுகின்றன. திருத்திய எண்களைக் கொண்டு மீண்டும் திருத்தப்படுகின்றன. சில சுற்றுகளுக்குப் பின் எண்கள் மாறாமல் நிலைபெறும். ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பதன் மூலமும் இதே விடையைப் பெறலாம். ஆனால் அணிகள் யாவும் நேரடியாகவோ பொது எதிரணிகள் வழியாகவோ ஒன்றோடொன்று தொடர்புபட்டிருந்தால் மட்டுமே இது இயலும்.

இந்தியச் சூழல்

தேசிய கூடைப்பந்து வாகையர் போட்டிகளில், வலிமை மிக்க அணிகள் முதல் நிலைப் பிரிவுகளிலும் ஏனையவை இரண்டாம் நிலைப் பிரிவுகளிலும் வைக்கப்படும் வழக்கம் உள்ளது. இரண்டாம் நிலையில் 90 புள்ளிகள் எடுக்கும் ஓர் அணியை, முதல் நிலையில் தமிழ்நாடு, பஞ்சாப், இந்திய இரயில்வே போன்ற அணிகளோடு மோதி 70 புள்ளிகள் எடுக்கும் அணியோடு நேரடியாக ஒப்பிட இயலாது. அவை காலிறுதியை நெருங்கும் வரை ஒரே தற்காப்பைச் சந்திப்பதில்லை.

தமிழ்நாட்டில் பள்ளி அணிகளுக்கான போட்டிகள் குறுவட்ட அளவில் தொடங்கி, வருவாய் மாவட்ட அளவு, மாநில அளவு என மேற்செல்கின்றன. தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் நடப்பவற்றில், ஓர் அணி இரண்டு அல்லது மூன்று ஆட்டங்களை மட்டுமே ஆடும் நிலை ஏற்படுகிறது. எடுத்துக்காட்டாக, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் போன்ற ஓர் ஊரின் பள்ளி அணி, பிற அணிகளுக்கு வழக்கமாக 28 புள்ளிகளே விடும் ஓர் அணியிடம் 36 புள்ளிகள் எடுத்துத் தோற்றதாகக் கொள்வோம். மற்றொரு பள்ளி அணி, வழக்கமாக 50 புள்ளிகள் விடும் அணிக்கு எதிராக 48 புள்ளிகள் எடுத்து வென்றதாகக் கொள்வோம். முதல் அணியின் வேறுபாடு +8. இரண்டாம் அணியின் வேறுபாடு −2. தாக்குதலில் சிறந்தது தோற்று வெளியேறிய அணியே. அடுத்த நிலை அணிக்கு வீரர்களைத் தேர்வு செய்வோர் வென்ற அணியின் புள்ளிகளை மட்டும் நோக்கினால், இத்தகைய அணியின் வீரர்கள் கவனிக்கப்படாமல் போகலாம்.

இக்கணக்கிற்கு விலையுயர்ந்த கருவிகள் எவையும் தேவையில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரு அணிகளின் புள்ளிகள், வீச்சுகள், ஃபிரீ த்ரோக்கள், தாக்குதல் ரீபவுண்டுகள், பந்திழப்புகள் ஆகிய ஐந்தையும் குறித்து வைத்தாலே போதுமானது. தொடரின் எல்லா ஆட்டங்களுக்கும் இக்குறிப்புகள் பேணப்பட வேண்டும் என்பதே முதன்மைத் தேவை. தன் அணியின் ஆட்டங்களை மட்டும் குறித்தால் எதிரணிகளின் வழமையை அறிய இயலாது.

பிற விளையாட்டுகளில்

சடுகுடு (கபடி) ஆட்டத்தில் பாடிச்செல்லும் வீரர் எடுக்கும் புள்ளிகளையும் இவ்வாறே, எதிரணிப் பிடி வீரர்களின் தரத்தோடு சேர்த்து நோக்கலாம். பாடிச்செல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு பந்துடைமைக்கு ஒப்பானது என்பதால், கூடைப்பந்தாட்டக் கணக்கு இவ்விளையாட்டுக்கு எளிதில் பொருந்துகிறது.

துடுப்பாட்டத்தில், புள்ளிப் பட்டியலில் சமநிலையிலுள்ள அணிகளைப் பிரிக்க நிகர ஓட்ட வீதம் பயன்படுகிறது. இது ஓட்டங்களையும் ஓவர்களையும் மட்டுமே கருதுகிறது. எதிரணியின் தரத்தைக் கருதுவதில்லை. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் தொடரில் இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. அணிகள் வெவ்வேறு எதிரணிகளைச் சந்திக்கும் தொடர்களில், எளிய எதிரணி ஒன்றுக்கு எதிரான ஒரு பெருவெற்றியே இவ்வீதத்தை வெகுவாக உயர்த்திவிடக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* கூடைப்பந்தாட்டம்
* ஆசியக் கோப்பை (கூடைப்பந்தாட்டம்)
* இந்திய தேசியக் கூடைப்பந்து அணி
* என்.பி.ஏ.
* சராசரி
* நிகர ஓட்ட வீதம்